உதிரப்போக்குக்கு எந்தப் படம்?

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரேடியோகிராபர்களிடம் பேச வரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அளவுக்கு மீறி உதிரம் போகிறவர்களுக்கு எந்தப் பரிசோதனை சிறந்தது? வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனா, உள்ளே வைத்துப் பார்க்கிறதா, எம்.ஆர்.ஐ.யா?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"யாருக்கு?" என்றேன்.

அவள் முழித்தாள். "பொதுவா, மேடம்."

பொதுவா! எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பொதுவான பெண் ஒருத்திகூட இத்தனை வருஷத்தில் என் மேஜையில் வந்து படுத்ததில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். தேநீரை அப்புறம் குடிக்கலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் ஈப்போ நகரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எக்ஸ்ரே பகுதியில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பக்கத்துப் புந்தோங்கிலிருந்தும் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் வரும் பெண்களுக்கெல்லாம் நானே மிஸி (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), நானே மொழிபெயர்ப்பாளர், டாக்டர் தாமதித்தால் திட்டு வாங்குகிறவளும் நானே.

இரண்டு டாக்டர்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் பெண்களுக்கான டாக்டர், யாழ்ப்பாணத் தமிழர், தலை நரைத்தவர். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். கருப்பைக்குள் மெல்லிய குழாய் வழியாகச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாயம் நிறைந்த இடம் படத்தில் வெள்ளை முக்கோணமாகத் தெரியும். அதற்குள் ஏதாவது வளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சாயம் போகாமல் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். எழுபதுகள் முழுக்க நானும் அவரும் அப்படித்தான் படம் எடுத்தோம். இன்னொருவர் லண்டனில் படித்துவிட்டு வந்த சீன டாக்டர். புது ஸ்கேன் இயந்திரம் வந்த அதே சமயத்தில் அவரும் வந்தார். வயிற்றின் மேல் கருவியை வைத்தால் உள்ளே இருப்பது திரையில் அசையும். காலையில் வந்ததும் கைக்குட்டையால் அந்தத் திரையைத் தானே துடைப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேன் டாக்டர்.

இருவருமே கெட்டிக்காரர்கள். இருவருமே நல்ல மனுஷர்கள். ஒருவராவது மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பாக்கியம் வந்தது அப்போதுதான். தாப்பாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலாக மாதத்தில் பாதி நாள் உதிரம் கொட்டியிருக்கிறது. கறை தெரியக்கூடாதென்று கறுப்புக் கைலியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். வேறொரு இடத்தில் கருப்பையைச் சுரண்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தின்றால் நிற்கும், விட்டால் மறுபடியும் கொட்டும்.

ஸ்கேன் டாக்டர் பார்த்தார். கருப்பை கொஞ்சம் பருத்திருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். உதிரம் நின்றிருந்த நாளாகப் பார்த்து, பெரிய டாக்டர் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். முக்கோணத்துக்கு நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. "கட்டி இருக்கு. கருப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது" என்றார். "அது காற்றுக் குமிழி. கருப்பையை எடுக்கத் தேவையில்லை" என்றார் ஸ்கேன் டாக்டர். "அவளைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாயிற்று. குமிழி என்றால் நகரும், இது நகரவில்லை." "அப்படியென்றால் ரத்தக்கட்டி." இப்படியே போயிற்று. அவர்கள் பேசியதும் நான் அவர்களிடம் பேசியதும் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

சரி, இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம், நானும் கூட நிற்கிறேன் என்றார் பெரிய டாக்டர். அந்தக் கால ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைய வேண்டும். அது நிறைந்தால்தான் பின்னால் இருக்கும் கருப்பை தெரியும். பாக்கியத்துக்கு ஒரு குடம் அளவுக்குத் தண்ணீர் கொடுத்தோம். படுக்க வைத்தோம். ஸ்கேன் டாக்டர் கருவியை வைத்து அழுத்தினார்.

"பாருங்கள். எங்கே உங்கள் கட்டி?"

"உன் திரையில் தெரியவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?"

"உங்கள் படத்தில் ஓட்டை இருந்தால் கட்டி இருக்கிறது என்று ஆகிவிடுமா?"

ஒருவர் மேஜைக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். நடுவில் ஒரு பெண் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். அவள் முனகியபோது ஸ்கேன் டாக்டர் திரும்பிப் பார்க்காமலே, தனக்குத் தெரிந்த மலாயில், "தஹான் லா, தஹான்" என்றார். பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாராம்.

பாக்கியம் என் கையைப் பிடித்தாள். "மிஸி, என்னா பேசிக்கிறாங்க?"

"உள்ள கட்டி இருக்கா இல்லையான்னு பேசுறாங்க."

"அது இருக்கா இல்லையான்னு அப்பறம் பேசிக்கலாம். எனக்கு இப்ப ஒண்ணுக்கு இருக்கு. அதுல சந்தேகமே இல்ல."

அவளை எழுப்பிக் கழிவறைக்கு அனுப்பினேன். அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? காலியான மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பேச்சு தொடர்ந்தது.

கழிவறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைபாதைச் சுவரைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சில எட்டு வைப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

"எங்க போற பாக்கியம்?"

"பஸ்ஸுக்கு."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துருவியா நீ?"

"நடந்தா நடக்கிறேன், விழுந்தா விழறேன். ஒருத்தரு வயித்தைக் கீறி எல்லாத்தையும் எடுக்கணும்னு சொல்றாரு. இன்னொருத்தரு ஒண்ணுமே இல்லேன்னு சொல்றாரு. ஒண்ணும் இல்லாததுக்கா மிஸி நான் இப்படி ரத்தமா கொட்டிக்கிட்டு இருக்கேன்? ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க லா. அப்ப வாரேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். "இங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் எழுந்திரிச்சே, நானே உன் பையைப் பிடுங்கி வெச்சிக்குவேன்" என்று மிரட்டிவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர்களிடம் குரல் உயர்த்திப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று உயர்த்தினேன். "அந்தம்மா பஸ் ஏறப் போறாங்க. அடுத்த தடவை விழுந்தா எழுந்திரிப்பாங்களான்னு தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடைக்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கா, இல்லியா?"

ஸ்கேன் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கருவியை மாட்டி வைத்துவிட்டு எரிச்சலோடு சொன்னார்: "கருப்பை சும்மா இருக்கும்போது காற்றுப் போன பலூன் மாதிரி. சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும். அதற்குள் இருப்பதை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இவர்தான் எதையாவது ஊற்றிக்கொண்டே இருப்பாரே. தண்ணீரை ஊற்றட்டும், நானும் பார்த்துச் சொல்கிறேன்."

குத்தலாகத்தான் சொன்னார். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊற்றுகிறேன். நீ பார்" என்றார்.

சாயத்துக்குப் பதில் சுத்தமான உப்புநீர். சாயம் ஏற்றுகிற அதே குழாய். மேலே ஸ்கேன் கருவி. வெளிநாட்டில் யாராவது செய்து பார்த்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. எங்கள் மருத்துவமனையில் யாரும் அதுவரை செய்ததில்லை. பாக்கியத்தைச் சம்மதிக்க வைப்பது என் தலையில் விழுந்தது. மறுபடியும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரிய டாக்டரே வந்து அவள் பக்கத்தில் குனிந்து, "பயப்படாதேங்கோ பிள்ளை. இந்த முறை நாங்கள் கதைக்க மாட்டம், பாக்க மட்டும்தான்" என்றார். அதற்காகத்தான் படுத்தாள்.

உப்புநீர் போகப் போக, திரையில் கருப்பைக்கு நடுவில் ஒரு கறுப்பு இடம் விரிந்தது. கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒன்று. ஒரு காம்பில் தொங்கிக்கொண்டு, நீர் அசையும்போதெல்லாம் தானும் மெல்ல அசைந்தது.

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். "நான்தான் சொன்னேனே, கட்டி இருக்கிறதென்று" என்றார் ஒருவர். "நான்தான் சொன்னேனே, கருப்பையை எடுக்கத் தேவையில்லை என்று" என்றார் மற்றவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காம்பில் தொங்கியதால்தான் சுரண்டும் கருவிக்கு அது சிக்காமல் நழுவியிருக்கிறது. காம்பில் தொங்கியதால்தான் வயிற்றைக் கீறாமல் கீழ்வழியாகவே திருகி எடுக்க முடிந்தது. சோதனைக்கு அனுப்பினோம், கெடுதலான கட்டி இல்லை என்று வந்தது. உதிரம் நின்றது. இரும்பு மாத்திரை தின்று தேறி, பாக்கியம் மறுபடியும் வேலைக்குப் போனாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால், தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதான் சிறந்தது என்று நானும் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் ஸ்கேன் டாக்டர் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். பெரிய டாக்டருக்குப் பக்கத்தில் நின்று தானும் குழாய் வைக்கப் பழகிக்கொண்டார். அப்புறம் உதிரப்போக்கு என்று யார் வந்தாலும் தண்ணீர்தான். சின்னப் பெண்ணா, பிள்ளை பெற்றவளா, என்ன மருந்து சாப்பிடுகிறாள், எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் குடிக்க வை, படுக்க வை. தன் இயந்திரத்தின் மேல் காதல் கொண்ட மனுஷரிடம் என்ன பேச?

சில மாதம் கழித்து, வேறு ஊர் மருத்துவமனைகளிலிருந்து டாக்டர்களை அழைத்துத் தன் முறையைச் செய்து காட்ட ஏற்பாடு செய்தார். அன்று காலை எனக்குத் தெரிந்த குரல் ஒன்று வாசலில் கேட்டது. பாக்கியம். கன்னத்தில் சதை போட்டிருந்தாள். கூட அவளுடைய பெரியக்கா முனியம்மா, மகனோடு புந்தோங்கில் இருக்கிறவர்.

"மிஸி, எனக்குப் பண்ணின மாதிரியே அக்காவுக்கும் பண்ணிருங்க. இவளுக்கும் ரத்தம் போவுது" என்றாள் பாக்கியம், கடையில் சாமான் கேட்கிற மாதிரி.

ஸ்கேன் டாக்டருக்கு வாயெல்லாம் பல். செய்து காட்ட ஆள் கிடைத்துவிட்டதே. முனியம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவரும் மடக்மடக்கென்று குடித்தார். அறைக்குள் வெள்ளைக் கோட்டுகள் நிறைந்துவிட்டன. முனியம்மா அத்தனை ஆண்களைப் பார்த்துக் கூச்சப்பட்டு முந்தானையை இழுத்து இழுத்து மூடினார். நான் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தபோது, அக்காவின் கூச்சத்தைப் போக்க நினைத்தோ என்னவோ, பாக்கியம் கிண்டல் செய்தாள்.

"இவளுக்கு என்னா வெக்கம் பாருங்க மிஸி. எல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சு. பேரப்பிள்ளையே பள்ளிக்கூடம் போவுது. இப்பத்தான் மறுபடியும் வயசுக்கு வந்துருக்கா! எங்க தோட்டத்து லயத்துல எல்லாரும் புட்டு சுத்தணும், சடங்கு வைக்கணும்னு சிரிக்கிறாங்க."

முனியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கை போர்வையிலேயே நின்றுவிட்டது.

மாதவிடாய் முழுசாக நின்றுபோன பிறகு ஒரு பெண்ணுக்கு மறுபடி உதிரம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரிய டாக்டர் எங்கள் மண்டையில் அடித்து அடித்து ஏற்றியிருந்தார். படம் அப்புறம். முதலில் கருப்பையிலிருந்து திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பு. புற்றுநோய் இல்லை என்று தெரிகிற வரைக்கும் அது புற்றுநோய்தான் என்று நினைத்துக்கொள். உள்ளே அப்படி ஏதாவது இருந்தால் தண்ணீரை ஏற்றுவது அதைத் தள்ளிக்கொண்டு போகும் என்ற பயம் வேறு அப்போது இருந்தது. முனியம்மாவிடம், மாதவிடாய் நின்றுவிட்டதா என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. தங்கை "ரத்தம் போவுது" என்றாள், நாங்கள் தண்ணீரைக் கொடுத்துவிட்டோம்.

ஸ்கேன் டாக்டர் வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே கையுறை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அறைக்கு வெளியே கூப்பிட்டால் வரமாட்டார். சத்தமாகச் சொன்னால் அவருக்கு அவமானம். சும்மா இருந்தால் முனியம்மாவுக்கு என்ன ஆகும்? பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "டாக்டர், இவங்களுக்கு மாதவிடாய் நின்னு பல வருஷம் ஆச்சாம். நின்ன பிறகு வந்த ரத்தம் இது" என்றேன்.

"அதனால் என்ன? பார்த்துவிடலாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பெரிய டாக்டர் பார்க்காம நான் இவங்களைத் தயார் பண்ண மாட்டேன்."

இது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுகளெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஸ்கேன் டாக்டரின் காது சிவந்தது. திட்டப் போகிறார், என் வேலைக்கே ஆபத்து என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றினார். முனியம்மாவின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்கள். எப்போது நின்றது, இது எப்போது தொடங்கியது, வலி இருக்கிறதா, எல்லாவற்றையும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்" என்றார். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து, வந்தவர்களைப் பார்த்து, "இன்று செய்து காட்டப் போவதில்லை. இவருக்கு இது சரியான பரிசோதனை இல்லை. நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அவர் எடுத்த நல்ல படங்கள் எத்தனையோ நான் பார்த்திருக்கிறேன். ஊர் டாக்டர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, படம் எடுக்காமல் விட்டார் பாருங்கள், அதற்குத்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பெரிய டாக்டர் திசுவை எடுத்து அனுப்பினார். புற்றுநோய். ஆனால் கருப்பையைத் தாண்டிப் போகாத கட்டம். இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும்.

பாக்கியம் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "எனக்குக் கீழாலயே எடுத்தீங்க, இவளுக்கு மட்டும் என்னாத்துக்குக் கீறணும்? ஒரே ரத்தம்தானே? எனக்கு ஒரு ஞாயம், எங்க அக்காவுக்கு ஒரு ஞாயமா?"

பலூன், காம்பு, திசு என்று விளக்கிப் பார்த்தேன். ஏறவில்லை. கடைசியில் எனக்கும் பொறுமை போய்விட்டது. "ஒரே ரத்தம் இல்ல பாக்கியம். உன்னோட ரத்தம் வேற, அவங்களோட ரத்தம் வேற. உனக்குப் பண்ணினதை அவங்களுக்குப் பண்ணினா அவங்க செத்துப்போயிருவாங்க" என்றேன். அப்படிப் பச்சையாகச் சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் அதுதான் அவள் காதில் விழுந்தது. அக்காவின் கட்டிலுக்குப் போய், காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். தங்கையின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "எடுக்கச் சொல்லு மிஸி. இந்த வயசுல அத வெச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்" என்று சொன்னது முனியம்மாதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார்.

ஆகவே, தம்பிகளே தங்கைகளே, எந்தப் படம் சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இன்று உங்களிடம் இருக்கும் கருவிகளுக்கு முன்னால் எங்களுடையது விளையாட்டுச் சாமான். இருந்தாலும், படுத்திருப்பவளுக்கு என்ன வயது, நின்றுவிட்டதா நிற்கவில்லையா, உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன, இதெல்லாம் எந்தக் கருவியும் கேட்டுச் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

முனியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோருமாகச் சேர்ந்து ஓர் உயிரைக் காப்பாற்றினோம், எங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? தீபாவளி தவறாமல் ஒரு டப்பா முறுக்கோடு எக்ஸ்ரே பகுதிக்கு வருவார். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"இந்த மிஸிகிட்ட மட்டும் சாக்கிரதையா இருங்க லா. எனக்கு வயிறு வெடிக்கிற மாதிரி தண்ணியக் குடுத்துப் படுக்க வெச்சாங்க. அத்தனை டாக்டருங்க நின்னாங்க. ஒருத்தராச்சும் படம் எடுத்தாங்களா? இல்ல. எழுந்திரிச்சிப் போன்னுட்டாங்க!"